ஆறு காரில் நாலாவது

நரேன் கார்த்திகேயன் பேச்சை எடுத்தாலே என் நண்பன் ஒருவன் இதைத்தான் சொல்வான்: "ஆறு கார் ஓடுச்சு, இவரு நாலாவது வந்தாரு. இதுல என்னடா பெருமை?"

தகவல் சரிதான். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். அந்த ட்ராக்கின் சாய்வான கடைசி வளைவை மிஷலின் டயர் தாங்காது என்று தெரிந்துவிட்டது. அந்த டயர் போட்ட 14 கார்கள் முதல் சுற்றுச் சம்பிரதாயத்தை முடித்துவிட்டு பிட்டுக்குள் போய்விட்டன. மிச்சம் ஆறு. ஜோர்டான் அணி நரேன் நாலாவது, 5 பாயிண்ட்.

நானும் பல தடவை கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் ஒருத்தர் எப்படி ஃபார்முலா ஒன் வரைக்கும் வருகிறார் என்று படிக்க ஆரம்பித்த பிறகு, கேள்வியே தப்பு என்று பட்டது. ஆறில் நாலாவது வந்தது பெரிய விஷயம் இல்லை. அந்த 20 பேரில் ஒருத்தராக அங்கே நின்றதுதான் விஷயம்.

சக்கரம் மூடாத, ஒருவர் மட்டும் உட்காரும் கார்களின் உலகம் ஒரு ஏணி மாதிரி. இன்றைய கணக்கில் ஏழெட்டு வயசில் கோ-கார்ட். 15 வயசில் ஃபார்முலா ஃபோர். அப்புறம் ரீஜனல், ஃபார்முலா த்ரீ, ஃபார்முலா டூ. உச்சியில் ஃபார்முலா ஒன். டூவிலும் த்ரீயிலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி எஞ்சின். அப்படியென்றால் திறமை மட்டும்தான் ஜெயிக்கும் என்று நினைப்போம் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கீழ்ப்படிகளில் அணி ஓட்டுநருக்குச் சம்பளம் தருவதில்லை. ஓட்டுநர்தான் அணிக்குப் பணம் கட்டுகிறார். ஃபார்முலா டூவில் ஒரு சீசன் ஓட்ட 20 லட்சம் யூரோவுக்கு மேல் ஆகும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 20 கோடி. டயர், பயிற்சி நாள், மெக்கானிக், உடைந்த இறக்கை, எல்லாம் அதற்குள். ஒரு வருஷம் பணம் நின்றால் ஏணியில் அந்தப் படியே காணாமல் போய்விடும். வயசு மட்டும் நிற்காது.

இப்போது நரேனைப் பாருங்கள். கோயம்புத்தூர்க்காரர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். வசதியான குடும்பம்தான், அதை மறைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் ட்ராக்கில் ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்து, 1992ல் பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளி, பிறகு இங்கிலாந்து. 1996ல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர். 1998லிருந்து பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. 2000 சீசனில் நாலாவது இடம்.

அதே 2000 சீசனில் அவருக்கு ஒரு இடம் முன்னால், மூன்றாவதாக வந்தவர் ஜப்பானின் டகுமா சாட்டோ. இரண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? இரண்டு வாரம். நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14, சாட்டோ ஜனவரி 28. சாட்டோ பந்தயத்துக்கு வந்ததே லேட். சைக்கிள் பந்தயத்தில் இருந்தவர், 20 வயசில்தான் ஹோண்டாவின் சுஸுகா பந்தயப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஸ்காலர்ஷிப் வாங்கினார். 2001ல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ பட்டத்தை வென்றார். 2002ல் ஹோண்டா எஞ்சின் போட்ட ஜோர்டானில் ஃபார்முலா ஒன்.

சாட்டோ பட்டம் ஜெயித்துத்தான் மேலே போனார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளி நடத்துகிற, எஞ்சின் கொடுக்கிற ஒரு கம்பெனி அவர் நாட்டிலேயே இருந்தது. நரேனுக்கு அப்படி ஒரு படிக்கட்டு இல்லை. 2001ல் ஜப்பானில் ஃபார்முலா நிப்பான். அதே வருஷம் ஜூனில் சில்வர்ஸ்டனில் ஜாகுவார் காரை ஓட்டி, ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அப்புறம் ஐரோப்பாவில் நிஸான் சீரிஸ். 2004க்கு மினார்டி அணி இடம் தரத் தயார். ஸ்பான்சர் பணம் திரளவில்லை. இடம் போச்சு. டாடா போன்ற நிறுவனங்கள் பின்னால் நிற்க, 2005ல்தான் ஜோர்டான் கதவு திறந்தது. அப்போது அவருக்கு வயசு 28. அந்த வயசுக்குள் பெர்னாண்டோ அலோன்சோ இரண்டு உலகப் பட்டங்களை வாங்கியிருந்தார்.

ஏறிய பிறகும் இடம் நிரந்தரம் இல்லை. 2011ல் ஹெச்ஆர்டி அணியில் திரும்ப வந்தவரை சீசன் பாதியில் இறக்கிவிட்டு, ரெட் புல் வளர்த்த டேனியல் ரிக்கியார்டோவை ஏற்றினார்கள். நொய்டாவில் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரிக்ஸுக்குத்தான் நரேனை மறுபடி கூப்பிட்டார்கள். 17ஆவதாக முடித்தார்.

இன்றைக்கு வாசல் இன்னும் குறுகல். ஃபார்முலா ஒன் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். மூன்று சீசனுக்குள் 40 பாயிண்ட் சேர்க்கணும். ஃபார்முலா ஃபோர் பட்டத்துக்கு 12, ஃபார்முலா த்ரீ பட்டத்துக்கு 30, ஃபார்முலா டூவில் முதல் மூன்று இடத்துக்கு 40. திறமையில்லாதவர் காசைக் கொட்டி நுழைவதைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பாயிண்டைச் சேர்க்கிற இடமே காசு கட்டித்தான் நுழைய வேண்டிய இடம். வடிகட்டி இருக்கிறது. வடிகட்டிக்கு முன்னால் டிக்கெட் கவுண்டரும் இருக்கிறது.

இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர், நரேனும் சென்னையின் கருண் சந்தோக்கும். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய காலத்திலிருந்தே, ட்ராக்கும் மெக்கானிக்கும் கிளப்பும் இங்கே இருந்தன. கீழ்ப்படி நம்மிடம் இருந்தது. நடுப்படிகள்தான் இல்லை.

போன வாரம் நண்பன் மறுபடி ஆரம்பித்தான். "ஆறு கார்ல..." என்றான். "சரிடா, அந்த ஆறாவது கார்கிட்ட போறதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு சொல்லு" என்றேன். தெரியாது என்றான். நான் சொன்னேன்: ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கணக்குப் போட்டால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்.