வலி வந்தால் வாயு என்பதா?



அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே கடைசல் பிடிப்பவன், ஆவடித் தொழிற்சாலையிலே இரும்போடு மல்லுக்கட்டுபவன், பூவிருந்தவல்லிச் சாலையிலே லாரி ஓட்டுபவன் - இவர்களுக்கு நெஞ்சு வலித்தால் என்ன சொல்கிறார்கள்? "வாயு! ஒரு சோடா குடித்தால் சரியாகும்" என்கிறார்கள். ஷிப்டு முடியட்டும் என்கிறார்கள். கூலி போகுமே என்ற கவலை! கூலி நாளை வரும், தோழர்களே; போன உயிர் வருமா?

இதயத்துக்கு இரத்தம் தரும் குழாயிலே கொழுப்புப் படிகிறது, அதன்மேல் இரத்தம் உறைகிறது, வழி அடைபடுகிறது. அடைப்பு நீடிக்க நீடிக்க இதயத் தசை சாகிறது. செத்த தசை மீள்வதில்லை.

அடைப்பைத் திறக்க வழி கண்டவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். வீட்டுச் சமையலறை மேசையிலே பலூன் குழாய் செய்து பார்த்தவர்! 1977 செப்டம்பர் 16 அன்று, சூரிச் நகரிலே, 38 வயதுக்காரர் ஒருவரின் இதயக் குழாயில் அதைச் செலுத்தி, ஊதி, அடைப்பை விரித்தார். நெஞ்சைப் பிளக்கவில்லை! அதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி. இன்று குழாய் மீண்டும் சுருங்காதிருக்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயும் வைக்கிறார்கள்.

வழி பிறந்தது; ஏழைக்கு எட்டியதா? லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வியாபாரிக்கு இரக்கம் பிறந்ததாலா? இல்லை, கட்டளை பிறந்ததால்!

விலை குறைந்தால் போதுமா? வேளையோடு போய்ச் சேரவேண்டாமா? தமிழகத்திலே சிற்றூர் ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஒரே சங்கிலியாக இணைத்துப் பார்த்தார்கள். முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் டாக்டர் அஜித் முல்லாசரி அந்தப் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர். 2,420 நோயாளிகளைக் கணக்கெடுத்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டுக்குள் மாண்டோர் முன்பு நூற்றுக்கு 17.6, சங்கிலி அமைந்தபின் 14.2. ஆயிரம் பேருக்கு 34 உயிர்! முப்பத்து நான்கு வீட்டு அடுப்பு அணையாமல் எரிகிறது என்று பொருள்!

2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து, மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே, நெஞ்சிலே அழுத்தமா? இடது கை, தாடை வரை பரவும் வலியா? குளிர்ந்த வியர்வையா? 108-ஐ அழையுங்கள்! சோடாக் கடைக்கல்ல, ஆஸ்பத்திரிக்கு!

சங்கத் தோழர்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள்: நெஞ்சுவலிக்காரனை உடனே அனுப்ப வண்டி எங்கே? அன்றைய கூலியைப் பிடிக்கமாட்டோம் என்ற உறுதி எங்கே? அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரியிலே கேளுங்கள்: நள்ளிரவிலும் ஈ.சி.ஜி. எடுக்க ஆள் உண்டா?

உழைப்பவன் நெஞ்சு ஓயாமல் துடிக்கட்டும்! அது சலுகையல்ல, உரிமை!