கருச்சிதைவுக்குப் பின் அடுத்த கருத்தரிப்பு

கருச்சிதைவுற்ற பெண் மீண்டும் எப்பொழுது கருத்தரிக்கலாம் என்னும் வினாவைக் கிராம சுகாதார ஊழியர்கள் அடிக்கடி எதிர்கொள்கின்றனர். குறைந்தது 6 மாதம் பொறுத்திருத்தல் நலம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2005-இல் கூட்டிய நிபுணர் குழு கருதியது. லத்தீன் அமெரிக்காவில் திரட்டப்பெற்ற 2,58,108 பெண்களின் பதிவுகளே இதற்கு முக்கிய ஆதாரம். 6 மாதத்திற்குள் கருத்தரித்தவர்களிடம் இரத்தசோகை, குறைப்பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு ஆகியவை மிகுந்து காணப்பட்டன.

எனினும், தானாக நேர்ந்த சிதைவையும் செய்வித்த சிதைவையும் அப்பதிவுகள் பிரித்துக் காட்டவில்லை. சட்டத் தடை நிலவிய அந்நாடுகளில் பாதுகாப்பற்ற முறையில் செய்யப்பட்டவையும் அவற்றுள் அடங்கியிருக்கக்கூடும். பின்னர், தானாகச் சிதைவு நேர்ந்து 6 மாதத்திற்குள் கருத்தரித்தோருக்கு மீண்டும் சிதைவுறுதல் குறைவு என ஸ்காட்லாந்து ஆய்வு (2010) கண்டது. நார்வே ஆய்வு (2022) இருவகைச் சிதைவுகளையும் தனித்தனியே ஆராய்ந்தது. குறுகிய இடைவெளியால் தீங்கு மிகுவதற்குப் போதிய சான்று அதில் கிட்டவில்லை.

ஆகவே, 6 மாதம் என்பதை மீறலாகாத விதியாகக் கூறி, வயது கடந்துவரும் பெண்ணை அச்சுறுத்துதல் தகாது. இரத்தசோகை இருப்பின் அதனை முதலில் நீக்குதல் வேண்டும். சிதைவுக்குப் பின் இரண்டு வாரத்திற்குள்ளேயே கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பக்கூடுமாதலால், குழந்தையை உடனே விரும்பாதோருக்குக் கருத்தடை ஆலோசனையைத் தாமதமின்றி வழங்குதல் இன்றியமையாதது.