மண் பாதையில் தொடங்கிய ஓட்டம்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக மேற்கே செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஆனைகட்டியை அடைகிறது. மலையடிவாரத்து இச்சிற்றூரின் ஒரு பாதி தமிழ்நாட்டில் உள்ளது. மறு பாதி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியைச் சேர்ந்தது. யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி இது. ஆகவே, வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதே இங்கு வாகனம் ஓட்டுவோர் கற்கும் முதற் பாடம். சாலையிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் செம்மண் தடங்களில், மழைக்காலமானால் சக்கரம் ஒரு பக்கம் போக, வண்டி மறுபக்கம் போகும்.

வண்டியை இவ்வாறு மண்ணில் வழுக்கவிட்டே ஓட்டிப் பிழைப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ‘ஸ்பிரின்ட் கார்’ எனப்படும் பந்தயக் கார், களிமண் பரப்பிய நீள்வட்டத் தடத்தில் ஓடுகிறது. ஓட்டுநரையும் சேர்த்து அதன் எடை ஏறத்தாழ 635 கிலோ. நம் நாட்டின் பழைய மாருதி 800 காரின் எடையும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் மாருதியின் இயந்திரம் 40 குதிரைத் திறனைக்கூட எட்டாதது. ஸ்பிரின்ட் காரின் இயந்திரமோ சுமார் 900 குதிரைத் திறன் கொண்டது. அதில் நாம் அறிந்த கியர்ப்பெட்டி கிடையாது. பின்னாலிருந்து வேறொரு வண்டி தள்ளித்தான் அதை உயிர்ப்பிக்க வேண்டும். அத்துறையின் முதன்மைத் தொடரான ‘வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ்’ 1978-இல் தொடங்கியது. ஸ்டீவ் கின்சர் என்பவர் அதில் 20 முறை பட்டம் வென்றார். ஊர் ஊராகச் சென்று ஓட்டுவதும், பரிசுத் தொகையில் கார் உரிமையாளருடன் பங்கு பிரித்துக்கொள்வதுமே இத்தொழிலின் நடைமுறை. வெற்றி இல்லாத வாரத்தில் வரவும் குறைவு.

நம் நாட்டில் இத்தகைய களிமண் தடப் பந்தயம் ஒரு தொழிலாக வளரவில்லை. எனினும், மண் பாதையில் கார் ஓட்டிப் புகழ்பெற்ற குடும்பம் ஒன்றும், அதிலிருந்து உலகின் உச்சப் பந்தயத்துக்குச் சென்ற மகன் ஒருவரும் ஆனைகட்டிக்கு அண்மையிலுள்ள கோவையில் இருக்கின்றனர். அம்மகன் நாராயண் கார்த்திகேயன். அவருடைய வெற்றிகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பந்தய ஓட்டுநரின் வாழ்வை நிலைநிறுத்துவது எது, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையே நாம் இங்கு காண விழைகிறோம்.

தந்தையின் மண், வழிகாட்டியின் பட்டறை

நாராயணின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி வாகையர். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். தடத்தில் நடக்கும் பந்தயத்தில் எல்லோரும் ஒரே வட்டத்தைச் சுற்றுவர். ராலியில் ஒவ்வொரு காரும் தனித்தனியே கடிகாரத்தோடு போட்டியிடுகிறது. தார் காணாத மண் தடங்களில் அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்பதைப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணை ஓட்டுநர் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்ல, ஓட்டுநர் அதை நம்பி வண்டியைத் திருப்ப வேண்டும்.

கோவைக்கு வேகத்தின் மீது பற்று ஏற்பட்டதற்கு மற்றொரு காரணரும் உண்டு. ஆலைத் தொழில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவர்தன், சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் பெயர் பெற்றவர். ஆயினும் அவர் ஓட்டியதைவிட உருவாக்கியதே நிலைத்து நிற்கிறது. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. அந்நிலையில் அவர், எங்கும் கிடைக்கும் மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் ‘ஃபார்முலா மாருதி’ என்னும் காரை வடிவமைத்தார். உதிரி பாகம் எளிதில் கிடைத்தது; செலவு கட்டுக்குள் வந்தது. எல்லோரிடமும் ஒரே வகைக் கார் இருந்ததால், பணப்பையின் கனத்தைவிட ஓட்டுபவரின் கைத்திறன் முன்னுக்கு வந்தது. ஒரு தலைமுறையே அந்தக் காரில் பந்தயம் பழகியது. 1995-இல் விமான விபத்தொன்றில் கரிவர்தன் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

கடல் கடந்த பயிற்சி

1977 ஜனவரி 14 அன்று பிறந்த நாராயண், 15 வயதில் பிரான்சு நாட்டின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயின்றார். 1993-இல் நாடு திரும்பி ஃபார்முலா மாருதி ஓட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்திலும் போட்டியிட்டார். 1996-இல் ஃபார்முலா ஏசியா தொடரின் வாகையரானார். பின்னர் பிரிட்டிஷ் ஃபார்முலா 3, ஜப்பானின் ஃபார்முலா நிப்பான் எனப் படிப்படியாக ஏறினார். 2001 ஜூன் மாதத்தில் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனைக்காக ஓட்டியபோது, ஃபார்முலா 1 காரை ஓட்டிய முதல் இந்தியரானார்.

இங்குதான் நம் வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் வருகிறது. 2004-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஓட்டுவதற்கு மினார்டி அணி அவருக்கு வாய்ப்பளிக்க முன்வந்தது. திறமை போதுமானதாக இருந்தது. ஆனால் அணி எதிர்பார்த்த விளம்பர நிதியைத் திரட்ட இயலவில்லை. வாய்ப்பு கைநழுவியது. சிறிய அணிகள் பல, ஓட்டுநர் கொண்டுவரும் நிதியையும் கணக்கிட்டே இருக்கை தருகின்றன. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு, வரவு செலவுப் பட்டியலின் ஒரே வரியில் தடைப்படக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறு ஆண்டில் டாட்டா முதலிய நிறுவனங்களின் துணையோடு ஜோர்டான் அணியில் இடம் கிடைத்தது. 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் நடந்த பந்தயத்தில், ஃபார்முலா 1 களத்தில் இறங்கிய முதல் இந்தியர் என்னும் பெருமையை நாராயண் பெற்றார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் டயர்ச் சிக்கலால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அதில் நான்காவதாக வந்து அவர் ஐந்து புள்ளிகளை ஈட்டினார். ஃபார்முலா 1 வாழ்வில் அவருக்குக் கிடைத்த புள்ளிகள் அவை மட்டுமே.

மீண்டும் நீள்வட்டத் தடம்

ஓரிடத்தில் கதவு மூடினால் மற்றோர் இடத்தில் தட்டுவது இவருடைய இயல்பு. வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். 2007-இல் சீனாவின் ஜுஹாய் நகரில் ஏ1 ஜிபி பந்தயத்தை இந்திய அணிக்காக வென்றார். பத்மஸ்ரீ விருது பெற்ற 2010-ஆம் ஆண்டிலேயே, 33 வயதில், அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் தொடரில் புதியவராகச் சேர்ந்தார். ஸ்பிரின்ட் கார் பண்பாட்டோடு நெருங்கிய உறவுடைய நீள்வட்டத் தடப் பந்தயம் அது. மார்ட்டின்ஸ்வில் தடத்தில் தம் முதற் போட்டியிலேயே 13-ஆம் இடம் பெற்றார். ஆண்டின் இறுதியில் அத்தொடரின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர் எனவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2011-இல் ஃபார்முலா 1-க்குத் திரும்பி, கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் ப்ரீயில் ஓட்டினார். 2014 முதல் ஜப்பானில் பல ஆண்டுகள் போட்டியிட்டு, 2019 நவம்பரில் ஃபியூஜி தடத்தில் வெற்றியும் கண்டார்.

ஓட்டுநரின் வாழ்வு தடத்தோடு முடிந்துவிடுவதில்லை. 2020-இல் அவர் கோவையில் பழைய இருசக்கர வாகனங்களைச் சீரமைத்து விற்கும் ‘டிரைவ்எக்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2022-இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் அதில் ஏறத்தாழ 48 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. ஈட்டிய பெயரையும் வாகன அறிவையும் இரண்டாம் தொழிலுக்கு முதலாக்கிய செயல் இது.

பெற்றோர் கவனத்திற்கு

வண்டிகள் மீது தீராத ஆர்வமுள்ள பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்த ஆர்வத்தைப் பொதுச் சாலையில் தீர்த்துக்கொள்ள விடாதீர்கள். யானையும் மனிதரும் நடக்கும் வழி பந்தயத் தடம் ஆகாது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமத்தோடு, பயிற்சி நிலையம் ஒன்றில் கோகார்ட் ஓட்டிப் பழகுவதே முறையான தொடக்கம்.

அடுத்தது காப்பீடு. உங்கள் காரின் வழக்கமான காப்பீடு, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ நேரும் சேதத்துக்குப் பொருந்தாது. தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பலவும் பந்தயத்தை விலக்கியே எழுதப்படுகின்றன. ஆவணத்தின் விலக்குப் பகுதியைப் படித்து, வேண்டுமாயின் தனிக் காப்பீடு கேட்டுப் பெறுவது நலம்.

மூன்றாவதாக, ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு செலவிடலாம், எத்தனை ஆண்டுகள் முயலலாம் என்பதைத் தொடக்கத்திலேயே குடும்பமாக அமர்ந்து முடிவு செய்து எழுதி வையுங்கள். குடியிருக்கும் வீட்டையும், பிற பிள்ளைகளின் கல்விக்கான சேமிப்பையும் இதற்காகத் தொடாதிருப்பதே அறிவுடைமை. படிப்பும் உடன் செல்லட்டும்.

செம்மண் தடத்தில் வழுக்கும் வண்டியை நேராக்க, பதற்றத்தில் பிரேக்கை அழுத்தினால் போதாது. பார்வையை வெகுதூரம் வைத்து, ஸ்டீரிங்கை நிதானமாகத் திருப்ப வேண்டும் என்பர் ஓட்டுநர்கள். கரிவர்தன் வேகத்தை மட்டும் எண்ணியிருந்தால் விலையுயர்ந்த கார் ஒன்றை வாங்கித் தாமே ஓட்டியிருப்பார். அடுத்தவரும் ஓட்ட வேண்டும் என்று எண்ணியதால்தான் செலவைக் குறைத்தார். கொங்கு மண்ணின் பந்தய வரலாறு அந்தச் சிக்கனத்தின் மேல் எழுந்தது.