வழியில் டயர் வெடித்தால்

கோடைக்காலத்தில் ஜீப்பிலும் காரிலும் சுற்றுப்பயணம் செய்யும் களப்பணியாளர்களுக்கு டயர் பழுதாவது புதிய அனுபவமன்று. ஆணி தைத்துக் காற்று மெல்ல இறங்குவது ஒரு வகை. ஓடும்போதே திடீரென வெடிப்பது மற்றொரு வகை. முன்னதால் காலம் வீணாகும். பின்னதால் உயிருக்கே அபாயம் நேரலாம். அச்சமயத்தில் செய்யவேண்டியவற்றைக் காரணத்துடன் அறிந்து வைத்திருப்பவருக்குப் பதற்றத்திலும் செய்முறை மறவாது.

வெடிப்பதன் காரணம்

காற்று மிகுதியால்தான் டயர் வெடிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் காற்றுக் குறைவே காரணமாகும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. கம்பியை மாறி மாறி வளைத்தால் அது சூடேறுவதுபோல, ரப்பரும் அதனுள்ளிருக்கும் இழைகளும் சூடேறித் தளர்கின்றன. பாரமும் வேகமும் வெயிலும் சேரும்போது டயர் கிழிகிறது.

ஆகையால் டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே அழுத்தத்தை அளத்தல் வேண்டும். 25 பாகை சென்டிகிரேடில் சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு அழுத்தம் காட்டும் டயர், உட்காற்று 60 பாகைக்குச் சூடேறியதும் 37 பவுண்டுக்கு மேல் காட்டும். அதைக் கண்டு காற்றை வெளியேற்றுவது தவறு. குளிர்ந்த பின் அழுத்தம் தேவைக்குக் கீழே இறங்கிவிடும்.

ஓட்டும்போது

முன்டயர் வெடித்தால் அச்சக்கரத்தின் உருளுந்தடை பெருகி வண்டி அப்பக்கமாக இழுக்கும். பின்டயராயின் வண்டியின் பின்புறம் அசைந்தாடும். அவ்வேளையில் கால் தானாகவே பிரேக்கை நாடும். அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது. பிரேக்கை வேகமாக அழுத்தினால் நல்ல டயர்கள் சாலையைப் பற்றும். வெடித்த டயர் வழுக்கும். வண்டி சுழன்று திரும்பிவிடும்.

ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி வண்டியை நேரே செலுத்துக. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சிறிது சிறிதாக எடுத்திடுக. வேகம் தணிந்த பின்னரே பிரேக்கை மெல்ல அழுத்தி, வளைவும் பாலமும் இல்லாத இடத்தில், சாலையை விட்டு இடப்புறமாக ஒதுங்கி, கெட்டியான சமதரையில் நிறுத்துக. அதுவரை உருள்வதால் டயர் முற்றிலும் கெடலாம். ஆயினும் டயரின் விலை உயிருக்கு ஈடாகாது.

மாற்றும்போது

உடன் வந்தோரை இறக்கிச் சாலையிலிருந்து விலகி நிற்கச் செய்க. எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னே வைத்திடுக. கைப்பிரேக் போட்டு, மாற்றவிருக்கும் சக்கரத்திற்குக் குறுக்கெதிராக உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல் வைத்திடுக.

கைப்பிரேக் இருக்கக் கல் எதற்கு என்னும் ஐயம் எழலாம். பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டைத்தான் பிடித்துக்கொள்ளும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும், தண்டு அசையாதிருப்பினும், டிபரென்ஷியலின் அமைப்பால் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையிலுள்ள சக்கரம் எதிர்த்திசையிலும் சுழலக்கூடும். வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து சரிந்துவிடும். இதைத் தடுப்பது அக்கல்லே.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துக. தரையின் உராய்வு சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். மண் இளகியிருந்தால் ஜாக்கியின் அடியில் பலகை இடுக. வண்டிக்கு அடியில் உடலின் எப்பகுதியையும் நீட்டலாகாது. ஸ்டெப்னியைப் பூட்டும்வரை வண்டியின் சட்டத்தினடியில் கிடத்தி வைப்பதும், பிறகு கழற்றிய சக்கரத்தை அவ்விடத்தில் வைப்பதும் நல்ல காப்பாகும். நட்டுகளை எதிரெதிராக முடுக்கினால் சக்கரம் சாயாமல் பொருந்தும். வண்டியை இறக்கிய பின் இறுதியாக முடுக்குக. சிறிது தூரம் ஓடியதும் மீண்டும் சோதித்திடுக.

ஸ்டெப்னி

வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் 1904-இல் உருவான மாற்றுச் சக்கரத்திற்கு அங்குள்ள ஸ்டெப்னி தெருவின் பெயர் வழங்கியது. அப்பெயர் இந்தியாவில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆயினும், டியூப் இல்லாத டயர்களும் அழுத்தங்காட்டும் கருவியும் பழுதுநீக்கும் பொருள்களும் உடைய சிறு வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 2020-இல் திருத்தப்பட்டன. எனவே தம் வண்டியில் ஸ்டெப்னி உள்ளதா, உள்ளதாயின் அதில் காற்று இருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளல் வேண்டும். காற்றில்லாத ஸ்டெப்னி வெறுஞ்சுமையே.