தம்பானூர் வண்டி: இருபத்து நான்கில் ஒரு பங்கு

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டி வந்து நின்றதும் எல்லோரும் கதவை நோக்கி விரைவார்கள். அவ்வேளையில் ஒருவர் மட்டும் ஏறாமல் வண்டியின் பின்புறம் சென்று, ஏணிப் படிகளை எண்ணிவிட்டு, சக்கரத்தின் அருகே குனிந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஐயுற வேண்டாம். அவர் பேருந்தின் அளவுமாதிரி செய்பவராக இருக்கக்கூடும். கேரளத்தில் இத்தகையோர் பலர் உள்ளனர். நானும் அவர்களுள் ஒருவன். பகலில் அலுவலகக் கணக்கு, இரவு உணவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் மாதிரி வண்டி என்று ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. முடித்தவை நான்கு வண்டிகள், முடியாதது ஒன்று. அந்த ஐந்தாவது வண்டி எனக்குக் கற்பித்தவற்றையே இங்கு மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அளவுமாதிரி பொம்மையினின்று வேறுபட்டது. பொம்மையைக் கண்டு குழந்தை மகிழ்ந்தால் போதும். அளவுமாதிரிக்கோ ஓர் எண் உண்டு. தலை முதல் கால் வரை அது அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டது. 1:24 என்றால் உண்மை வண்டியின் ஒவ்வோர் அளவும் இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். கார் மாதிரிகளுக்கு உலகெங்கும் வழங்கும் விகிதங்கள் 1:18, 1:24, 1:43, 1:64. இவற்றுள் 43 என்பது வினோதமான எண். பிரிட்டனில் விளையாட்டு ரயில்களுக்கு, உண்மையில் ஓர் அடி இருப்பது மாதிரியில் ஏழு மில்லிமீட்டர் என்று அளவு வகுத்தார்கள். ஓர் அடி 304.8 மில்லிமீட்டர், அதை ஏழால் வகுத்தால் ஏறத்தாழ 43.5 வரும். ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காக வந்த சிறு கார்களுக்கும் அந்த எண்ணே ஒட்டிக்கொண்டது. அடியையும் மில்லிமீட்டரையும் ஒரே கணக்கில் கலந்தவர்களை இன்றும் பலர் மனத்துக்குள் வைதுகொண்டுதான் வகுத்தல் போடுகிறார்கள்.

பிற நாடுகளில் இப்பொழுதுபோக்கின் நாயகன் கார். ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மரத் தொழிலாகத் தொடங்கிப் பின்னர் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறிய தமியா போன்ற நிறுவனங்கள், வார்த்து எண்ணிட்ட பாகங்களைப் பெட்டியில் அடைத்து விற்கின்றன. பெட்டியைப் பிரித்துப் படத்தைப் பார்த்து ஒட்டிச் செல்லலாம். தொடங்குபவர்களுக்கு அது நல்ல பயிற்சி. ஒரு காரையாவது அவ்வாறு கட்டிப் பார்ப்பது நன்று. ஆயினும் அப்பெட்டிகளில் போர்ஷே கிடைக்கும், ஃபெராரி கிடைக்கும்; தம்பானூரிலிருந்து புறப்படும் செந்நிறப் பேருந்து கிடைக்காது. ஆகவே இங்குள்ளவர்கள் வெறும் தகட்டிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஏன் பேருந்து என்று கேட்பவர்களுக்கு நான் வரலாற்றையே விடையாகச் சொல்வேன். 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்தை மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பவர் அதன் பொறுப்பாளராக அழைத்து வரப்பட்டார். பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய அறுபது அடிச்சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றின்மேல் உடற்பகுதியைக் கட்டியவர்கள் சால்ட்டரின் மேற்பார்வையில் இவ்வூர்த் தொழிலாளர்களே. அந்நாளில் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூரில் அடங்கியிருந்தன. 1956 நவம்பர் 1 அன்று அவை தமிழ்நாட்டுக்கு வந்தன. எல்லை மாறிய பின்னரும் வண்டி மாறவில்லை. 1965இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாகப் பெயர் மாற்றம் பெற்ற பிறகும், முத்திரையில் நிற்கும் இரண்டு யானைகளை வைத்து மக்கள் அதனை ‘ஆனவண்டி’ என்றே அழைக்கின்றனர். தென்குமரித் தமிழர்கள் பலருக்குத் தலைநகர் மருத்துவமனை, கல்லூரி, வேலை எல்லாம் இந்த வண்டியில் ஏறித்தான் வந்து சேர்ந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. அது சற்று அவசரமானது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சில பழைய பேருந்துகளுக்கு மறுவாழ்வு கிடைக்கிறது. மூணாறில் அவை சுற்றுலாப் பயணிகள் தங்கும் அறைகளாயின. பெரும்பாலானவை இரும்பு விலைக்குப் போகும். பழைய காரைப் பேணி வைக்க ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பதினோரு மீட்டர் நீளமுள்ள பேருந்தை எவர் தம் வீட்டில் நிறுத்த முடியும்? 1:24இல் அது 46 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமுமாகச் சுருங்கிப் புத்தக அலமாரியில் அடங்கிவிடும்.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். இங்குள்ளோர் மிகுதியும் பயன்படுத்துவது ஃபாரெக்ஸ், மல்டிவுட் என்ற பெயர்களில் விற்கும் நுரைத்த பி.வி.சி. தகடு. சமையலறை அலமாரிக்கும் விளம்பரப் பலகைக்கும் பயன்படும் அதே தகடுதான். அட்டையும் பால்சா மரமும் திருவனந்தபுரத்து ஈரக் காற்றில் உப்பி வளைந்துவிடும், இது வளையாது. எட்டடிக்கு நான்கடித் தகடு முழுதாக வாங்கத் தேவையில்லை. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு கடை உண்டு. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர்.

“அண்ணாச்சி, துண்டு ஏதும் கிடக்கா?”

“எத்தன அடி வேணும்?”

“அடியெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, நாலு சாண் இருந்தாப் போதும்.”

முதல் முறை சிரித்தார். இப்போது கழிவுத் துண்டுகளை எனக்கென்று ஒதுக்கி வைக்கிறார். முதல் வண்டிக்கு எனக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான் செலவாயிற்று. அதில் பாதி வண்ணத்துக்கும், வீணான வண்ணத்துக்கும் போனது.

தகட்டின் தடிமனைத் தேர்வதில்தான் புதியவர்கள் தவறுவார்கள். 5 மில்லிமீட்டர் தகடு கைக்கு உறுதியாக இருக்கிறதென்று எடுத்துவிடுவார்கள். 24ஆல் பெருக்கிப் பாருங்கள். சுவரின் தடிமன் 12 சென்டிமீட்டர் ஆகிவிடும். எந்தப் பேருந்துக்கு அத்தகைய கோட்டைச் சுவர் உண்டு? 3 மில்லிமீட்டர் தகடும் 7.2 சென்டிமீட்டர் ஆகிறது. அதனால் சன்னல் விளிம்புகளை உட்புறம் சரிவாகச் செதுக்கி மெலிதாகக் காட்ட வேண்டும். பார்ப்பவர் கண்ணில் படுவது விளிம்பு மட்டுமே.

இனி, வேலை செய்யும் இடம். தொடக்கத்தில் நான் உணவு மேசையில்தான் செய்தேன். ஒவ்வோர் இரவும் எடுத்து வைக்கப் பத்து நிமிடம், திரும்ப அடுக்கப் பத்து நிமிடம். இடையே பசைக் கறை, அது குறித்த உரையாடல். ஓராண்டு கழித்தே உண்மை புலப்பட்டது. தேவைப்படுவது பெரிய இடம் அன்று. பாதியில் விட்ட வேலையை அப்படியே விட்டுவைக்க உதவும் இடம். மாடிப்படிக்கு அடியில் நான்கடி அகலம் கிடைத்தது. அங்கே அம்மாவின் பழைய தையல் மேசையைப் போட்டேன். இயந்திரத்தை எடுத்த இடத்தில் உண்டான பள்ளத்தின் கீழ் ஒரு சாக்குப் பையைக் கட்டினேன். சீவல்கள் தாமாக அதில் விழுகின்றன. நுண்ணிய வேலைக்கு மேசை மார்பளவு உயர்ந்திருந்தால் கழுத்து வலிக்காது. ஆதலால் அதன்மேல் வைக்க ஒரு சிறு முக்காலிப் பலகை செய்துகொண்டேன். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையேல் வெட்டும் கோட்டின்மேல் கையின் நிழல் விழும்.

கருவிகள் மிகச் சில. இரும்பு அடிக்கோல், மடித்து முறிக்கும் அலகுள்ள கட்டர் கத்தி, வெட்டுவிரிப்பு, சிறு அரங்கள், 400 முதல் 1000 வரையிலான உப்புத்தாள், ஒரு வெர்னியர். கத்தியை அழுத்தி ஒரே இழுப்பில் வெட்ட முயல்பவர் விரலை வெட்டிக்கொள்வார்; மெல்ல நான்கைந்து முறை இழுத்தால் கோடு நேராக வரும். முறித்த அலகுகளைக் குப்பையில் எறியாமல் ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடுங்கள். குப்பை அள்ளுபவருக்கும் விரல்கள் உண்டு. பி.வி.சி.யைச் சூட்டுக் கம்பியால் வெட்டவே கூடாது; எழும் ஆவி நச்சுத்தன்மை உடையது. வண்ணம் தெளிப்பதும் வீட்டுக்குள் ஆகாது. உடனடிப் பசையின் ஆவி கண்ணாடித் தாளின்மேல் வெண்படலமாகப் படியும் என்பதால் சன்னல்களுக்கு வெள்ளைப் பசையே ஏற்றது. இதை அறியாமல் என் முதல் வண்டியின் முன்கண்ணாடியைப் பனி மூடியது போல் ஆக்கிவிட்டேன். உறவினர் ஒருவர் அதனை மூணாறு வண்டி என்று பாராட்டினார்.

வண்ணத்திலும் ஒரு முறை உண்டு. மஞ்சளை முதலில் அடித்து, காய்ந்தபின் அதன்மேல் நாடா ஒட்டி மறைத்து, பிறகுதான் சிவப்பை அடிக்க வேண்டும். சிவப்பின் மேல் மஞ்சளை அடித்தால் அது மஞ்சளாகவே இராது. ஜூனில் பருவமழை தொடங்கிவிட்டால் லாக்கர் வண்ணம் ஈரத்தில் வெண்மை பூத்துவிடும். அம்மாதங்களில் நான் இருக்கைகள் மட்டும் செய்வேன். ஒரு பேருந்துக்கு ஏறத்தாழ ஐம்பது இருக்கைகள். மழைக்காலம் அதற்குச் சரியாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முற்பட்டது அளத்தல். கேரள வண்டிகளில் பரவலாக உள்ள ஒரு சக்கர இடைவெளியை ‘222’ என்பார்கள். அது அங்குலக் கணக்கு, 5,639 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் 235. இந்த ஓர் எண் சரியாக அமைந்துவிட்டால் வண்டி வண்டியாக நிற்கும். பிழைத்தால் எத்தனை அழகாக வண்ணம் பூசினாலும் ஏதோ குறையும். நிலையத்தை அடுத்து லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸில் அமர்ந்து, எடுத்த அளவுகளை வகுத்து எழுதுவது என் வழக்கம். செங்கல் சுருளாக மேலேறும் அக்கட்டடத்தையும் ஒருநாள் மாதிரியாகச் செய்ய ஆசைதான். சுழன்றுகொண்டே ஏறும் தளத்தை எந்தத் தகட்டில் வெட்டுவது என்று இன்னும் விளங்கவில்லை.

ஐந்தாவது வண்டிக்கு வருகிறேன். பணிநீக்கத்துக்கு ஒதுக்கிய பழைய வண்டி ஒன்று ஓரிடத்தில் நிற்பதை அறிந்து, உரியவரிடம் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை மாலை டேப்புடன் சென்றேன். பயணிகள் ஏறும் இடப்பக்கத்தை முழுவதும் அளந்தேன். இரு கதவுகள், சன்னல் தூண்கள், மழைக்கு இறக்கும் ஷட்டர்களின் வாரைக்கூட அளந்தேன். வலப்பக்கத்துக்குச் செல்லும்போது மழை பிடித்துக்கொண்டது. இருக்கட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திரும்பினேன். அடுத்த வாரம் வீட்டில் ஒரு திருமணம். மூன்றாம் வாரம் சென்றபோது அவ்விடத்தில் எண்ணெய்க் கறையும் நான்கு செங்கற்களும் இருந்தன.

ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தைச் செய்துவிடலாமே என்று நினைக்கலாம். பேருந்தின் இரு பக்கங்களும் ஒன்றல்ல. வலப்பக்கம் ஓட்டுநருக்கு உரியது. அவருடைய கதவும், அவர் கால் வைத்து ஏறும் படியும் அங்கே உள்ளன. படங்கள் எடுத்திருந்தேன், அவையும் இடப்பக்கத்தவை. பழைய படங்களில் தேடினால், பேருந்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் அனைவரும் முகப்பிலோ, ஏறும் கதவருகிலோதான் நிற்கிறார்கள். ஓட்டுநர் கதவின் அருகே நின்று எவரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. எட்டு மாதங்கள் அந்த மாதிரி ஒரு பக்கச் சுவருடன் தையல் மேசையில் நின்றது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். தக்கலைப் பக்கத்தவர், அதே வகை வண்டியை நாகர்கோவில் தடத்தில் பல ஆண்டுகள் ஓட்டியவர். மின்கட்டணச் சீட்டு ஒன்று மாறி வந்ததைக் கொடுக்க வீட்டுக்கு வந்தவர், மேசைமேல் நின்ற பாதி வண்டியைக் கண்டு நின்றுவிட்டார்.

“இந்தப் பக்கம் எங்க மக்கா?”

“அளவு கிடைக்கல அண்ணாச்சி. படி எவ்வளவு உயரம்னே தெரியல.”

“அது எனக்குத் தெரியும்லா” என்றவர், கண்ணை மூடிக்கொண்டு வலக்காலைச் சற்றுத் தூக்கினார். பிறகு குனிந்து தரையிலிருந்து கையால் அளந்தார். “ரெண்டு சாண், நாலு விரல். அதுக்கு மேல இன்னொரு படி. கைப்பிடி இங்க.” காற்றில் அவர் பிடித்த இடத்தில் கைப்பிடி இருந்தது என்பதை அவர் விரல்கள் மடங்கிய விதமே காட்டிற்று.

அவருடைய கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லி வெர்னியரால் அளந்தேன். சாண் 21 சென்டிமீட்டர். நான்கு விரல் 7. ஆக 49. இருபத்து நான்கால் வகுத்தால் 2.04. மறுநாள் மாலை வந்து இருக்கையின் உயரத்தையும் கண்ணாடியின் சாய்வையும் சொல்வதாகக் கூறிச் சென்றார். கதவின் தாழ்ப்பாள் மட்டும் தமக்கு நினைவில்லை என்றார். அது என்றுமே சரியாக மூடியதில்லையாம்.