போனில் ஏன் ஆப் ஏற்றச் சொல்கிறார்கள்?

கொல்கத்தா நகரத்தில் அலிப்பூர் என்று ஒரு பகுதி. அங்கே பெரிய மிருகக்காட்சி சாலை இருக்கிறது. அது 1876-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். கூட்டம் வரும் இடத்துக்கு ஜால்முரி விற்பவரும் வருவார். ஜால்முரி என்றால் பொரிதான். வெங்காயம், மிளகாய், கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள்.

பொரி வாங்கியவர் தின்றுவிட்டுப் போய்விடுவார். மறுபடி எப்போது வருவார்? விற்பவருக்குத் தெரியாது. வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிவிடலாம்.

செல்போன் வழியாகக் கடை நடத்தும் கம்பெனிகளுக்கும் இதே கவலைதான். ஒரு பெண் சேலை பார்க்க ஓர் இணையதளத்துக்குள் போகிறார். உடனே ஒரு கட்டம் வந்து சேலையை மறைக்கிறது. "எங்கள் ஆப்பை ஏற்றுங்கள். விலையில் தள்ளுபடி உண்டு" என்கிறது.

எதற்காக இந்தத் தள்ளுபடி?

இணையதளம் தெருவில் நிற்கும் வண்டி மாதிரி. ஆப் அப்படி இல்லை. அது வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த கடை. போனைத் திறக்கும்போதெல்லாம் அதன் படம் கண்ணில் படும். அனுமதி கொடுத்துவிட்டால், மணி அடித்துச் செய்தி அனுப்பும். "புதுச் சேலை வந்திருக்கிறது" என்று ராத்திரியில்கூடக் கூப்பிடும்!

இன்னொரு காரணமும் உண்டு. பல ஆப்கள் அனுமதி கேட்கும். போனில் இருக்கும் நம்பர்கள், போட்டோக்கள், ஆள் நிற்கும் இடம் என்று கேட்டுக்கொண்டே போகும். 'சரி' என்று தொட்டால், அவற்றை அந்த ஆப் பார்க்க முடியும். சேலை விற்பவருக்குச் சித்தியின் நம்பர் எதற்கு? வேண்டாம் என்று மறுக்கலாம். மறுத்த பிறகும் பெரும்பாலான ஆப்கள் வேலை செய்யும்.

மிந்த்ரா என்பது துணி விற்கும் கம்பெனி. பெங்களூரில் இருக்கிறது. 2015 மே மாதம் அது தன் இணையதளத்தையே மூடிவிட்டது. ஆப் இருந்தால்தான் துணி வாங்கலாம் என்றது. கம்ப்யூட்டரில் பெரிதாகப் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு வழி அடைபட்டது. போனில் இடம் இல்லாதவர்களுக்கும் சிரமம். கடைசியில் 2016 ஜூனில் கம்ப்யூட்டருக்கான இணையதளத்தைக் கம்பெனி மறுபடி திறந்தது.

எல்லா ஆப்பும் வீண் என்று சொல்ல முடியாது. தினமும் மெட்ரோ ரயிலில் போகிறவருக்கு டிக்கெட் எடுக்கும் ஆப் நேரத்தை மிச்சமாக்கும். வருஷத்துக்கு ஒரு சேலை வாங்க ஆப் தேவையா என்பதுதான் கேள்வி.

மறைக்கும் கட்டத்தின் மூலையில் பெரும்பாலும் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். வேண்டுமென்றே சின்னதாக வைத்திருப்பார்கள். அதைத் தொட்டால் கட்டம் போய்விடும். சேலை அதே இடத்தில் இருக்கும்.