பண்பலை ஏலமும் மானாவாரி விவசாயியும்

மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியில் விளையும் பெரம்பலூர் மாவட்டத்திலும், முந்திரியும் நிலக்கடலையும் விளையும் அரியலூர் மாவட்டத்திலும் காலத்தில் கிடைக்கும் செய்திக்குத் தனி மதிப்பு உண்டு. 2018-ஆம் ஆண்டில் படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கியது. புழு சிறிதாக இருக்கும்போதே, குருத்தில் படும்படி மருந்து தெளித்தால்தான் பலன் கிடைக்கும். ஒரு வாரம் கழித்து வரும் யோசனை பயிரைக் காப்பாற்றாது.

இத்தகைய செய்தியை வயலுக்கே கொண்டு வரும் எளிய சாதனம் வானொலி. 1960-களில் திருச்சி வானொலியைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லைப் பயிரிட்டனர். அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது.

ஏலம் எப்படி நடக்கிறது?

தனியார் பண்பலை நிலையங்களுக்கான அனுமதியை மத்திய அரசு ஏலத்தில் விடுகிறது. ஒவ்வொரு நகருக்கும் அடிப்படை விலை உண்டு. அதற்கு மேல் அதிகம் கேட்பவருக்கே அலைவரிசை. 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பிட்ட அடிப்படை விலை சுமார் 785 கோடி ரூபாய். எடுப்பவர் ஆண்டுதோறும் மொத்த வருவாயில் 4 சதவீதமும் கட்ட வேண்டும்.

இப்பட்டியலில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர், நெய்வேலி ஆகியவை உள்ளன. பெரம்பலூரும் அரியலூரும் இல்லை. பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கே இத்திட்டம். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் நகரின் மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம்; அரியலூரில் சுமார் 29 ஆயிரம்.

பட்டியலில் சேர்ந்தாலும் விவசாயிக்கு முழுப் பலன் கிடைத்துவிடாது. ஏலத்தில் போட்ட பணத்தை விளம்பரத்தில்தான் எடுக்க வேண்டும். துணிக்கடையும் நகைக்கடையும் விளம்பரம் தரும் நேரத்தில் சினிமாப் பாட்டுக்குத்தான் முதலிடம்; வெங்காயத்தின் திருகல் நோய்க்கு இடம் கிடைப்பது அரிது.

ஏலம் இல்லாத வழி

சமுதாய வானொலிக்கு ஏலம் கிடையாது. அலைவரிசைக்கு ஆண்டுதோறும் சிறு கட்டணம் மட்டும் உண்டு. 2006 முதல் வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், லாப நோக்கற்ற பதிவு பெற்ற சங்கங்கள் ஆகியவையும் இதை நடத்தலாம். விண்ணப்பிக்கும் சங்கம் குறைந்தது 3 ஆண்டுகள் தொண்டாற்றியிருக்க வேண்டும். தனி நபர்களுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் அனுமதி இல்லை.

ஒலிபரப்பு சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்கு எட்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானவையாக இருக்க வேண்டும். மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் செய்யலாம்.

நிலையத்தை நடத்துவது கடினம். மின்கட்டணம், பணியாளர் சம்பளம், கருவிப் பழுது ஆகியவற்றுக்கு மாதந்தோறும் பணம் வேண்டும். இதைக் கணக்கிடாமல் இறங்கினால் நிலையம் ஊமையாகிவிடும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. ஆர்வமுள்ள உழவர் சங்கங்கள் முதலில் அங்கு சென்று கலந்து பேசுவது நல்லது. தங்கள் ஊருக்கு எந்தப் பயிரைப் பற்றி, எந்த நேரத்தில், என்ன செய்தி வேண்டும் என்று எழுதி எடுத்துச் சென்றால் பேச்சு பயனுள்ளதாக இருக்கும்.